தங்கம் காட்டாத டிடெக்டர்: வியாபாரி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: நீலகிரியில் பந்தலூர் பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு வியாபாரியிடம் 4,80,000 ரூபாய்க்கு வெளிநாட்டு கோல்டு டிடெக்டர் வாங்கினேன். 3 லட்சம் ரொக்கமாகவும், தடவைக்கு 60,000 வீதம் 3 தடவையாக 1,80,000 வங்கி வழியாகவும் கொடுத்தேன். பில் தரவில்லை. ‘15 அடி ஆழத்தில் இருந்தாலும் காட்டும், தங்கத்துக்கு மட்டும்தான் சத்தம் போடும்’ என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மண் ஈரமானால் எங்கே வைத்தாலும் கத்துகிறது. ஆணிக்கும் கத்துகிறது, செம்பாறைக் கல்லுக்கும் கத்துகிறது. தங்கம் ஒரு குண்டுமணி கூடக் கிடைக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. கேட்டால், ‘உனக்கு ஓட்டத் தெரியல’ என்று ஒருமையில் பேசுகிறார். தேவாலா பக்கத்தில் ஒருவருடைய நிலத்தில் தேட, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதன் போட்டோவை வியாபாரிக்கும் அனுப்பியிருந்தேன். இப்போது கருவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு 2,75,000 தருவதாகச் சொல்கிறார். நான் 420 கேஸ் கொடுத்து, நுகர்வோர் கோர்ட்டில் 10 லட்சம் இழப்பீடும் கேட்கலாமா? அந்தப் பத்திரத்தைக் கிழித்துவிடலாமா? தோண்டும்போது கிடைத்த பழைய செப்புக் காசுகள் சில வீட்டில் இருக்கின்றன. அதனால் சிக்கல் வருமா?

பதில்: அடகு வைத்த நகையும் ஒருமைப் பேச்சும் உங்களுக்குப் பெரிய விஷயம்தான். வழக்கில் அவற்றுக்கு இடமில்லை, ஓரமாக வைத்துவிடுங்கள். கருவி கத்துவதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. இந்த வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: அந்தக் கருவியை எதற்காக வாங்கினீர்கள்?

‘தங்கம் தேட’ என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டிடெக்டரை வைத்திருப்பது குற்றமில்லை. அதைக் கொண்டு தங்கம் தேடுவது வேறு விஷயம். 1957-ஆம் ஆண்டு கனிமங்கள் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் கனிம ஆய்வு செய்யக் கூடாது. ஆய்வு என்றால் என்ன என்று அந்தச் சட்டமே சொல்கிறது: கனிமம் இருக்கும் இடத்தை ஆராய, கண்டுபிடிக்க, உறுதிசெய்யச் செய்யும் எந்த வேலையும் ஆய்வுதான். மண்வெட்டி மண்ணில் படவே வேண்டாம், டிடெக்டரின் காயிலை (மண்ணுக்கு மேல் பிடிக்கும் கம்பிச்சுருளை) ஆட்டிக்கொண்டு நடந்ததே போதும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். நீங்களோ தோண்டியும் இருக்கிறீர்கள். 21-வது பிரிவில் தண்டனை 5 ஆண்டு வரை சிறை, ஒரு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அது. கருவியையும் பறிமுதல் செய்யலாம்.

‘பட்டா நிலம்தானே, உரிமையாளரே சம்மதித்தாரே’ என்பீர்கள். அடிமண்ணில் இருக்கும் கனிமம் நில உரிமையாளருக்கே சேரும் என்று 2013-ல் கேரளத்தின் மலபார் ஜென்ம நிலங்கள் (பரம்பரை முழு உரிமை நிலங்கள்) பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் பக்கத்தில் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றிய தீர்ப்பு. சொந்தம் என்பதற்காக உரிமம் இல்லாமல் தேடலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அப்புறம் கூடலூர், பந்தலூரில் ஒரு நிலம் பட்டாவா, செக்‌ஷன் 17 நிலமா (ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத குத்தகை நிலம்), வனமா என்பதே தனி வழக்காக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தேடிய நிலம் காப்புக்காடு என்று யாராவது சொல்லிவிட்டால் வனத்துறையும் கூடவே வரும்.

இனி நீங்கள் போட நினைக்கும் வழக்கைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனுவோடு சத்தியப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வீர்கள். ‘தங்கம் தேடுவதற்காக இந்தக் கருவியை வாங்கி, இன்ன சர்வே எண்ணில் இத்தனை மாதம் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். போலீஸிடம் சொல்லும் ஒப்புதலை உங்களுக்கு எதிரான சாட்சியாக வைக்க முடியாது. ஆணையத்தில் நீங்களாகத் தாக்கல் செய்த வாக்குமூலத்துக்கும் வக்கீல் நோட்டீசுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை நீங்கள் வலிய எழுதிக் கொடுத்தவை.

சரி, நோக்கத்தைச் சொல்லாமல் விட்டால்? அங்கே வேறொரு கதவு மூடிக்கொள்ளும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோரே இல்லை. அதை நிரூபிக்கும் சுமை விற்றவர் மீது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிய பத்திரத்தின் போட்டோவை அவருடைய போனுக்கே அனுப்பியிருக்கிறீர்களே, அவர் வேறென்ன நிரூபிக்க வேண்டும்? சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு விதிவிலக்கு உண்டு. அதற்குள் நுழைய ‘தங்கம் எடுப்பதுதான் என் பிழைப்பு’ என்று நீங்களே எழுதித் தர வேண்டும். அதைவிடச் சுத்தமான ஒப்புதல் வாக்குமூலத்தை எந்த இன்ஸ்பெக்டராலும் வாங்க முடியாது.

பொழுதுபோக்குக்காக வாங்கினேன், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் தேட வாங்கினேன் என்றெல்லாம் எழுதித் தரச் சொல்லும் ஆலோசகர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எழுதாதீர்கள். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம், அதுவும் உங்கள் போட்டோவே உங்களைக் காட்டிக்கொடுக்கும் நிலையில். ஆக, உண்மையைச் சொன்னால் கனிமச் சட்டத்தில் மாட்டுவீர்கள், பொய் சொன்னால் அதற்கு மேலும் ஒன்றில் மாட்டுவீர்கள்.

இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். உங்கள் மாவட்டம் இல்லை. என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். கட்சிக்காரருக்குக் கோபம் அதிகம் போலிருக்கிறது, நோட்டீசும் நீளம்: எந்த ஊர், எந்த ஓடை, எத்தனை குழி என்று எல்லாமே இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே பக்கத்தில் பதில் எழுதி, நகலைப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநருக்கும் தாசில்தாருக்கும் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் வி.ஏ.ஓ. வந்து குழிகளை எண்ணினார். கருவியின் விலையைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கட்சிக்காரர் பணத்தையும் கேட்கவில்லை. என்னிடம் வந்தது முன்ஜாமீனுக்கு.

420 புகாரும் இதே குழிதான். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. ஸ்டேஷனில் முதல் கேள்வியே ‘இது எதுக்கு வாங்குனீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். தேவாலா பக்கத்தில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுவதும், சுரங்கத்துக்குள் மண் சரிந்து ஆட்கள் சாவதும் அந்த ஸ்டேஷனுக்குப் புதிதில்லை. உங்களைப் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்ப்பார்கள் என்று எந்த நம்பிக்கையில் போவீர்கள்?

கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். அது சமரசப் பேச்சில் உங்களுக்குப் பயன்படும். உங்கள் கருவி பெரும்பாலும் பழுதாகவே இல்லை. காயில் வைத்து மின்துடிப்பு அனுப்பும் உயர்ரகக் கருவிகள் கூட இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணிலும் ஈரத்திலும் கத்தும். ஈயம், அலுமினியம், தங்கம் மூன்றையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் கருவி கிடையாது. ஆஸ்திரேலியாவில் இவற்றை வைத்திருப்பவர்களும் நாள் முழுக்க ஆணியும் துப்பாக்கி ஈயமும்தான் தோண்டுகிறார்கள். விக்டோரியாவில் கிங்கோவர் அருகே 1980-ல் 27 கிலோ தங்கக் கட்டி டிடெக்டரில் கிடைத்தது உண்மைதான். வியாபாரிகள் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். அது கிடந்த ஆழம் சுமார் ஒரு அடி என்பதைச் சொல்ல மாட்டார்கள். அங்கே மண்ணுக்குள் கட்டி கட்டியாகத் தங்கம் கிடக்கிறது, சாதாரண ஆளும் சிறு கட்டணத்தில் தேடும் உரிமம் வாங்கலாம். உங்கள் பக்கத்தில் அது வெள்ளைக்கல் பாறைக்குள் பொடியாக ஓடுகிறது. எவ்வளவு விலை கொடுத்த டிடெக்டருக்கும் அந்தப் பொடி கேட்காது. (1879-ல் அதே விக்டோரியாவிலிருந்து வந்த பிரோ ஸ்மித் என்ற சுரங்க அதிகாரி, உங்கள் பகுதியும் சேர்ந்திருந்த வயநாட்டின் தங்கத்தைப் பற்றி நம்பிக்கையாக எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்து லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அங்கிருந்து வரும் நம்பிக்கையில் பணம் போட்டவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை.)

ஆகவே ‘கருவி கெட்டுப்போனது’ என்று பேசாதீர்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் நன்றாக வேலை செய்கிறது என்றே அறிக்கை வரக்கூடும். ‘எந்தக் கருவியாலும் முடியாததை முடியும் என்று சொல்லி விற்றீர்கள்’ என்பதுதான் உங்கள் பலம், அந்த வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதே. பழைய போனை மாற்றிவிடாதீர்கள், மெசேஜ் அதிலேயே இருக்கட்டும். பில் கொடுக்க மறுப்பதும் நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவர் மீதுதான் விழும். அவர் 2,75,000 தர முன்வந்தது உங்கள் மீதுள்ள இரக்கத்தால் இல்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 4,80,000 கொடுத்தீர்கள். நிரூபிக்க முடிவது வங்கியில் போன 1,80,000. ரொக்கம் கொடுத்ததற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர ஏதாவது இருக்கிறதா? மெசேஜில் அவர் ஒப்புக்கொண்டிருந்தால் நல்லது, கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மன உளைச்சலுக்கு ஆணையங்கள் பொதுவாகத் தருவது ஆயிரக்கணக்கில்தான். 10 லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். நிரூபிக்க முடிவதைவிட 95,000 அதிகமாக ஒருவர் வலிய வந்து தருகிறார்.

வாங்கிக்கொள்ளுங்கள். 3,25,000 கேட்டுப் பாருங்கள், 3 லட்சத்துக்கு வந்தாலும் சரி. வராவிட்டால் 2,75,000-ஐயே வாங்கிக்கொண்டு நகையை மீட்கும் வழியைப் பாருங்கள்.

சமரசத்திலும் ஆட்கள் சறுக்குகிறார்கள். அவர் எழுதிக் கொண்டுவரும் காகிதத்தில் ‘தங்கம் தேடும் பொருட்டு வாங்கிய கருவி’ என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். கருவியின் மாடல், சீரியல் எண், திருப்பித் தந்த தேதி, பெற்ற தொகை, இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை. இவ்வளவு போதும். இதில் பொய்யும் இல்லை, தேவையில்லாததும் இல்லை. ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிந்திய தேதியிட்ட காசோலையைக் கையில் திணிப்பதும் நடக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கருவியைக் கொடுங்கள். அதுவரை லோக்கல் மெக்கானிக் யாரையும் அதைப் பிரிக்க விடாதீர்கள்.

‘2,75,000 கொடுக்காவிட்டால் வருமான வரிக்குச் சொல்வேன், ஸ்டேஷனுக்குப் போவேன்’ என்று மெசேஜ் அனுப்புவது மிரட்டிப் பணம் பறித்ததாகத் திரும்பி வரும். பேச்சை நேரில், இரண்டு பெரிய மனிதர்களை வைத்து முடியுங்கள்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. நஷ்டத்தை ஈடுகட்ட இதே கருவியை, இதே ‘15 அடி’ கதையைச் சொல்லி இன்னொருவரிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றும். இப்போது உண்மை தெரிந்த பிறகு அப்படி விற்றால் 318-வது பிரிவில் நீங்கள்தான் குற்றவாளி. வியாபாரியாவது தெரியாமல் சொன்னேன் என்பார், உங்களால் அதுவும் முடியாது.

பத்திரத்தைக் கிழிக்காதீர்கள். சாட்சியமாக வரக்கூடிய ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம், தவிரவும் போட்டோ ஏற்கெனவே வெளியே போய்விட்டது. அந்த ஒப்பந்தம் சட்டவிரோத நோக்கத்துக்கானது, செல்லாது. ஆகவே நில உரிமையாளர் அதை வைத்து உங்களிடம் ஒரு பைசா கேட்க முடியாது, நீங்களும் அவரிடம் கேட்க முடியாது. அவரிடமும் வாயால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சமரசம் அடியோடு முறிந்தால்தான் ஊட்டி ஆணையம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு, வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுவது பத்திரம். உங்களுக்கு 10 மாதம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்பதால் ஆசை வரும். மனுவை எழுதுமுன் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் முழு விஷயத்தையும், பத்திரம் உட்பட, காட்டிவிட்டு எழுதுங்கள்.

காசுகள்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. முறைப்படி தெரிவித்து, அதற்கு யாரும் உரிமை கோராவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நில உரிமையாளருக்கு ஒரு பங்கு என்பது அந்தச் சட்டத்தின் பொது விதி. அரசே விலை கொடுத்து எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் ‘எங்கே, எப்படிக் கிடைத்தது’ என்று எழுதும் வரியும் மேலே சொன்ன அதே ஒப்புதலாகிவிடும். அதனால் நீங்களே எழுதி அனுப்பாமல், அந்த வக்கீல் மூலம் இந்த வாரமே அனுப்புங்கள். அதுவரை காசுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், யாரிடமும் விலை கேட்காதீர்கள்.