கண்டூரி போட்ட சாலையும் கேட்ட கேள்வியும்

கேள்வி: பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினால், அங்கே கூச்சல் ஒழிந்து கட்டுப்பாடு வந்துவிடும் அல்லவா? கட்சிகள் ஏன் அவர்களுக்குத் தாராளமாகச் சீட்டுக் கொடுப்பதில்லை?
– வாசகர் ஒருவர், திருமங்கலம்.

பதில்: கட்டுப்பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை, கொறடா கண் காட்டினால் கை தூக்குகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

உங்கள் ஊரை ஒட்டிப் போகும் நான்குவழிச் சாலை, ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரை வாஜ்பாய் அரசு திட்டமிட்ட தடத்தின் ஒரு பகுதி. 2000 நவம்பரில் அந்த அரசில் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பை ஏற்றவர் பி.சி. கண்டூரி. 1954-ல் ராணுவப் பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, மேஜர் ஜெனரலாக 1990-ல் ஓய்வு பெற்று, மறு ஆண்டே, இன்று உத்தராகண்டில் இருக்கும் கட்வால் மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க. சார்பில் வென்றவர். ஒப்பந்தக்காரர்களிடம் கறாராக நடந்துகொள்வார் என்று பெயர் எடுத்தவர். (கப்பலூர் சுங்கச்சாவடியில் உள்ளூர் வண்டிக்கும் பணம் கேட்டார்கள் என்ற உங்கள் ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானதே, அந்தக் கணக்கை அவர் தலையில் எழுதிவிடாதீர்கள்.)

கறாருக்கு ஓட்டு விழுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. உத்தராகண்ட் முதல்வராக 2011-ல் இரண்டாம் முறை வந்தவர், முதல்வரையே விசாரிக்க வழி செய்யும் லோக் ஆயுக்தா (ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பு) மசோதாவை நிறைவேற்றினார். மறு ஆண்டுத் தேர்தலில் அவரை முன்னிறுத்தியே கட்சி வாக்குக் கேட்டது. காங்கிரசுக்கு 32 இடங்கள், பா.ஜ.க.வுக்கு 31, கோட்துவார் தொகுதியில் அவரே தோற்றார்.

அவருடைய பொதுவாழ்வில் நான் பெரிதாக மதிப்பது சாலையை அல்ல. 2014-ல் மீண்டும் மக்களவைக்கு வந்து பாதுகாப்புத் துறையின் செயல்பாட்டை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவரானார். ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் தற்காலத்தவை, 8 சதவீதமே அதிநவீனமானவை என்று துணைத் தளபதி குழுவின் முன் அளித்த சாட்சியத்தை, 2018 மார்ச்சில் அவையில் வைத்த அறிக்கையில் அப்படியே பதிவு செய்து, ஒதுக்கிய நிதி போதாது என்று குழு குறை கூறியது. அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி. அந்த செப்டம்பரில் குழுவின் தலைவர் பதவி அதே கட்சியின் கல்ராஜ் மிஸ்ராவுக்குப் போயிற்று. குழுக்களை ஆண்டுதோறும் மாற்றி அமைப்பது வழக்கம்தானே என்பார்கள். அதே வழக்கத்தில்தான் நான்கு ஆண்டுகள் கண்டூரி தலைவராக நீடித்தார்.

படையில் உத்தரவுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. அவையிலோ கேள்வி கேட்பதற்குத்தான் சம்பளம். பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததை எதிர்த்து 1984-ல் எம்.பி. பதவியையும் காங்கிரசையும் துறந்த, பின்னாளில் பஞ்சாப் முதல்வரான அமரிந்தர் சிங்கும் ராணுவத்தின் முன்னாள் கேப்டன்தான். நீங்கள் எதிர்பார்க்கும் ‘கட்டுப்பாட்டை’ இருவரும் கடைப்பிடித்திருந்தால், இங்கே எழுத எனக்கு ஒன்றும் இருந்திராது.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சுவரொட்டியில் அச்சிடச் சீருடைப் படம் எல்லாக் கட்சிக்கும் வேண்டும். 2019-ல் கண்டூரி போட்டியிடவில்லை, கட்வாலில் பா.ஜ.க. வேறொருவரை நிறுத்தியது. காங்கிரசில் சேர்ந்து அங்கே நின்ற அவருடைய மகன் தோற்றார்.