வாய்க்காலின் வாய் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு வியூகத் திட்டம் வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ராமேஸ்வரத்துக்காரன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தாயிற்று. ரயில் மறுபடி வந்துவிட்டது, கூட்டமும் கூடிக்கொண்டே போகிறது. 2024 நவம்பரில் பெய்த ஒரே நாள் மழையில் தெருவெல்லாம் குளம். காசில்லாத ஒரு சின்ன நகராட்சி இதற்கெல்லாம் என்ன வியூகம் வகுத்துவிட முடியும்? வடிகால் கட்டி, ஊரணியைத் தூர்வாரினால் போதாதா?

– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

அன்புள்ள நண்பருக்கு,

மாநகராட்சி ஒரு வடிகாலைத் தப்பாகக் கட்டினால் இடித்துவிட்டு இன்னொன்று கட்டிக்கொள்ளும். உங்கள் ஊருக்கு அந்த வசதி கிடையாது. வியூகம் உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். அதற்குத் தடித்த அறிக்கை வேண்டியதில்லை. எந்த அளவு எந்த எண்ணைத் தொட்டால், யார், எந்தப் பணத்தில், என்ன செய்வது என்பதை மன்றத் தீர்மானமாக முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆணையர் மாறுவார், மன்றம் ஐந்தாண்டில் மாறும். தீர்மானப் புத்தகம் அங்கேயே இருக்கும்.

வடிகாலையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் 40 லட்சம் லிட்டர். இதை வடிக்க, கடலிலிருந்து 800 மீட்டர் தள்ளி, தரை கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கும் ஓர் இடத்தில் வாய்க்கால் தொடங்குவதாக வையுங்கள். தொடக்கத்தில் ஆழம் 60 சென்டிமீட்டர். 500-க்கு 1 சரிவு (500 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) கொடுத்தால் கடைசியில் 1.6 மீட்டர் இறங்கியிருக்கும். அதாவது வாய்க்காலின் வாய் கடல்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே. வாடைக்காற்று வீசி வடகடல் ஏறும் நாளில்தான் உங்களுக்கு மழையும் கொட்டும். அன்று தண்ணீர் கடலுக்குப் போகாது, கடல்தான் ஊருக்குள் வரும்.

சரி, சரிவை 1000-க்கு 1 ஆகக் குறைக்கலாமா? குறைக்கலாம். ஆனால் சாதாரண நாளில் ஓடுகிற கொஞ்சத் தண்ணீருக்கு மணலைத் தள்ளும் வேகம் இருக்காது. மணல் அடியில் படிந்து, மழைக்காலம் வருவதற்குள் பாதி வாய்க்கால் மூடியிருக்கும். வாயில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு போட்டால் அதன் கீலிலும் மணல் சிக்கும். புரட்டாசிக்குள் ஒருமுறை, ஐப்பசியில் வாரம் ஒருமுறை என்று ஆள் வைத்துக் கதவைத் தூக்கிப் பார்க்கத் தவறினால் அந்தக் கதவு வெறும் இரும்புத்தகடு.

உங்கள் ஊர் மணல் தீவு. அடியிலும் சிமென்ட் பூசி வாய்க்கால் கட்டுவது, உறிஞ்சத் தயாராக இருக்கிற மண்ணை நாமே அடைப்பது. மழைநீர் மட்டும் ஓடும் தெருக்களில் அடியைத் திறந்துவிட்டு, 15, 20 மீட்டருக்கு ஒரு உறிஞ்சுகுழி வைத்தால் பாதி வேலையை மண்ணே பார்த்துக்கொள்ளும். கழிவுநீர் கலக்கிற தெருவில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

காரணம், அந்த மண்ணுக்கு அடியில்தான் உங்கள் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி, நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர். மேலே 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறும். ஆழ்துளை போட்டு வேகமாக உறிஞ்சும் விடுதி பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுப்பது இப்படித்தான். இங்கே ஒரு எண் வையுங்கள். வார்டுக்கு இரண்டு கிணறு, மாதம் ஒரு டி.டி.எஸ். அளவு (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு). லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்ல அளவு. 2,000, வேறு வழியில்லாதபோது மட்டும் பொறுக்கக்கூடிய கடைசி எல்லை. 1,500-ஐத் தொட்டதும் அந்தத் தெருவில் மோட்டார் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் இருந்தால், 2,000-இல் வந்து கையைப் பிசைய வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 45,000. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்குத் தலைக்கு 135 லிட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. நாளுக்கு 60 லட்சம் லிட்டர் ஆகிறது. ஆடி அமாவாசைக்கு ஒரு லட்சம் பேர் வந்து ஆளுக்கு 40 லிட்டர் செலவழித்தால் இன்னொரு 40 லட்சம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். குடியிருப்போரை மட்டும் எண்ணிப் போட்ட குழாய் அன்று பொங்குவதில் அதிசயமே இல்லை. ஆடி, தை அமாவாசைகள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கின்றன. இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்லிவிட்டு வரும் நெருக்கடி வேறெந்த ஊருக்கு வாய்க்கும்? கழிவுநீர் லாரிகளை முதல் நாளே ஒப்பந்தம் செய்யலாம், விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிகளை முந்தைய வாரமே காலி செய்யச் சொல்லலாம். வீட்டுத் தொட்டிக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். விடுதித் தொட்டிக்கு அது ஆகாது.

காசு. 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு மானியத்தில் உங்களைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வரும். கதவைத் தூக்கிப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம்தான் எங்கிருந்தும் வராது, சொந்த வருவாயில்தான் கொடுக்க வேண்டும். வீடு என்று வரி கட்டிக்கொண்டு அறை வாடகைக்கு விடும் கட்டடங்களை நேரில் போய் எண்ணி, வரி வகையை மாற்றினாலே ஒரு தொகை தேறும். எதிர்ப்பு வரும், கவுன்சிலரின் உறவினர் வீடும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஊரணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராமநாதபுரத்தில் முகவை ஊரணி, நீலகண்டி ஊரணி எல்லாம் வெட்டியவர்கள் குழியை மட்டும் வெட்டவில்லை, தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலையும் சேர்த்து வெட்டினார்கள். வரத்துக்காலில் வீடு ஏறிய பிறகு குழியை மட்டும் ஆழப்படுத்தினால், கடலோரத்தில் நடப்பது ஒன்றுதான்: உவர் ஊறும். தூர்வாரும் முன் வண்டல் எத்தனை அடி, அதன் கீழே களிமண் எத்தனை அடி என்று நாலு இடத்தில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். களிமண் அடுக்கைக் கிழித்துவிட்டால் தண்ணீர் தங்காது. இயந்திரக்காரருக்குக் கன மீட்டர் கணக்கில் கூலி, ஆகவே அவர் நிறுத்த மாட்டார்.

அடுத்த முறை உங்கள் தெருவில் வடிகால் பணி தொடங்கும்போது பொறியாளரிடம் வரைபடத்தைக் கேட்டு, கடைசிப் புள்ளியில் வாய்க்காலின் அடிமட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அப்போதே மனு எழுதிக் கொடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு எழுதினால் பதில்தான் வரும்.