முட்டை பெரிது, காவல் எதற்கு?

கேள்வி: குஞ்சுகளைப் பேணும் பூச்சியினங்கள் குறைவாகவும் பெரிதாகவும் முட்டையிடும் என்கிறார்கள். பேணுவதற்குத் தாயோ தந்தையோ இருக்கையில், முட்டைக்குள் அவ்வளவு சத்து எதற்கு?

பதில்: நியாயமான சந்தேகம். தாயின் உடலிலுள்ள சத்தைப் பல சிறு முட்டைகளாகவோ சில பெரிய முட்டைகளாகவோதான் பங்கிட முடியும் என்ற கணக்கை 1974இல் ஸ்மித், ஃபிரெட்வெல் என்ற உயிரியலாளர்கள் கோட்பாடாக்கினர். காவல் இருந்தால் முட்டைப் பருவமே வாழ்நாளில் ஆபத்துக் குறைந்த பருவமாகிவிடும். ஆகவே பெரிய முட்டைக்குள் நெடுநாள் தங்கி, நன்கு வளர்ந்து வெளிவருவதே லாபம் என்று 1978இல் உயிரியலாளர் ரிச்சர்ட் ஷைன் வாதிட்டார். ஆனால் 6,700க்கும் மேற்பட்ட பூச்சியினங்களின் முட்டைகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, பெரிய முட்டை பொரிய அதிக நாளாகும் என்ற எண்ணத்துக்கு ஆதரவு தரவில்லை. முட்டை நீரில் இடப்படுகிறதா, வேறோர் உயிரின் உடலுக்குள் இடப்படுகிறதா என்பதே அளவு மாற்றத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

காரணமும் விளைவும் இடம் மாறியும் இருக்கலாம் என்பது என் எண்ணம். இராட்சத நீர்ப்பூச்சிகள் பெரிய இரையைப் பிடிப்பவை. அதற்கேற்ற பெரிய உடலுக்குப் பெரிய முட்டை வேண்டும். முட்டை பெரிதாகப் பெரிதாக, நீரில் கரைந்துள்ள சொற்ப ஆக்சிஜன் அதற்குப் போதாது. வெளியே வைத்தாலோ காய்ந்துவிடும். இந்நீர்ப்பூச்சிகளில் லெத்தோசீரஸ் என்ற வகையின் இனங்களில், நீருக்கு மேலே நீண்டிருக்கும் தண்டில் பெண் முட்டையிட, ஆண் நீரிலிருந்து ஏறிவந்து அவற்றை நனைத்துவிட்டுப் போகிறது. பெலோஸ்டோமா என்ற வகையின் இனங்களிலோ பெண், ஆணின் முதுகிலேயே முட்டைகளை ஒட்டிவிடுகிறது. அந்த ஆண் நீர்மட்டத்தை ஒட்டி நின்று, உடலை ஏற்றி இறக்கி, முட்டைகளின் மேல் நீரை ஓடச் செய்கிறது. இங்கே பெரிய முட்டைதான் தந்தையைக் காவலுக்கு இழுத்தது என்று கொள்வதே பொருத்தம்.

உங்கள் சந்தேகத்துக்கு நேரான விடை, பிணம் புதைக்கும் வண்டுகளிடம் இருக்கிறது. சிறு விலங்கின் உடலை மண்ணில் புதைத்து, உரோமத்தை நீக்கி, புழுக்களுக்கு வாயோடு வாய் ஊட்டும் பெற்றோரைச் சோதனையில் அகற்றியபோதுதான் பெரிய முட்டையின் அனுகூலம் வெளிப்பட்டது. பெற்றோர் உடனிருந்தபோது முட்டையின் அளவு ஏறக்குறைய பொருட்டாகவே இல்லை. ஊட்டும் பூச்சிக்கு முட்டையில் சேமிப்பு அவ்வளவு அவசியமில்லை என்ற உங்கள் ஊகம் அங்கே சரியே.

கேள்வி: முட்டையை வெளியே இடாமலே பேணும் பூச்சி உண்டா?

பதில்: உண்டு, ஆப்பிரிக்காவில் வாழும் இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈ. ஒரு சமயத்தில் ஒரே முட்டை. அது கருப்பைக்குள்ளேயே பொரிகிறது. சுரப்பியில் ஊறும் பாலைக் குடித்து ஏறத்தாழத் தாயின் எடைக்கே வளர்ந்து பிறக்கும் புழு, வெளியே எதுவும் தின்னாமல் நேரே மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிடுகிறது.