மஞ்சள் எண்ணெயும் வீட்டுப் பத்திரமும்

ஐயா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க வந்த உங்களையும் அம்மாவையும் போன வாரம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட்டு வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து மைத்துனர் யோசனை சொல்வார். தவணை கட்டப்போவது நீங்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகளின் வேதியியல் நோட்டைப் புரட்டினேன். ஈரிணைய அமீனும் நைட்ரஸ் அமிலமும் சேர்ந்தால் நீரில் கரையாத மஞ்சள் எண்ணெய், அதாவது என்-நைட்ரசோ அமீன், உண்டாகும் என்று ஒரு வரி. மற்ற பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். இவள் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "அப்பாவின் மாத்திரைக்குள் இது எப்படி வந்தது?"

ரத்த அழுத்தத்துக்கான வால்சார்டனைத்தான் சொல்கிறாள். 2018இல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரசோ அமீன் இருப்பது தெரிந்து, பல நாடுகளில் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் பொருள் அது. யாரும் கலக்கவில்லை. மருந்துத் தயாரிப்பில் கரைப்பானான டைமெத்தில் ஃபார்மமைடு சிதைந்து அமீனைத் தந்தது. வினையில் மிஞ்சிய அசைடு என்ற வேதிப்பொருளை அழிக்கச் சேர்த்த சோடியம் நைட்ரைட்டு, நைட்ரஸ் அமிலமாகி மிச்ச வேலையை முடித்தது.

என்.டி.எம்.ஏ.வுக்கு ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க வரம்பு 96 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதைப் பிடிப்பது பகுப்பாய்வு வேதியியலாளரின் வேலை. மாதிரியைச் சூடாக்கி, ஆவியை மயிரிழை போன்ற நீண்ட குழாயில் செலுத்தி, வெளிவரும் நேரத்தையும் 74 என்ற மூலக்கூறு நிறையையும் வைத்து ஆளை அடையாளம் காண்பார்கள். ஆனால் வயிற்றுப்புண் மருந்தான ரானிடிடினை அப்படிச் சூடாக்கினால் சோதனையிலேயே என்.டி.எம்.ஏ. பிறந்துவிடும். அதற்குச் சூடேற்றாமல் கரைசலாகவே செலுத்திப் பிரிக்கும் திரவ வண்ணப்பிரிகை வேண்டும். கருவியின் பொத்தானை அழுத்த யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். கருவியே பொய் சொல்கிறதோ என்று சந்தேகப்படும் ஆள் கிடைப்பதுதான் கடினம். உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல்; கட்டணத்துக்குக் கடனே தேவைப்படாது. கணிதத்தை விடாமல் படித்து, மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. படிக்க வழி உண்டு. பிறகு மருந்து நிறுவனங்களின் ஆய்வகங்கள். பி.எஸ்சி.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிப்டு வேலையும் இருக்கும், மறைக்க மாட்டேன். ஆகவே முதுகலை வரை படிக்க வையுங்கள்.

"சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?" என்று அம்மா கேட்டார். நாம் பேசிய ஒரு மணி நேரத்தில் உங்கள் மகளிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லையே, அம்மா. அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்புங்கள், அந்த நோட்டோடு. பென்சில் கேள்விகள் இன்னும் நான்கைந்து பார்த்தேன்.