லாக் பேசுகிறது, ரிக் கேட்கவில்லை: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) வாசகர் கேள்விகள்

கே: எஃப்டி-991ஏ ரிக்கை (ரேடியோ கருவியை) யுஎஸ்பியில் செருகினால் கணினியில் இரண்டு காம் போர்ட் தெரிகின்றன. எதை எடுத்தாலும் லாகில் (தொடர்புகளைப் பதியும் மென்பொருளில்) அலைவரிசை வரவில்லை.

ப: இரண்டுமே உங்கள் ரிக்தான். டிவைஸ் மேனேஜரில் ‘என்ஹான்ஸ்ட்’ என்று வருவது ‘கேட்’ (CAT) கட்டளைகளுக்கு, அதாவது கணினியிலிருந்து ரிக்கை இயக்க. ‘ஸ்டாண்டர்ட்’ என்பது பிடிடி (ரிக்கை டிரான்ஸ்மிட் ஆகச் சொல்லும் சமிக்ஞை), மோர்ஸ் கீயிங் போன்றவற்றுக்கு. சரியான போர்ட்டை எடுத்தும் பதில் இல்லையா? பாட் ரேட்டை (தரவு போகும் வேகத்தை) பாருங்கள். ரிக்கின் மெனு 031-இல் உள்ள எண்ணும் மென்பொருளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் இரண்டிலும் 38400 வைத்துவிடுவேன்.

கே: ஐசி-7300 ரிக் லாகோடு நன்றாக ஓடுகிறது. எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்காக டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைத் திறந்தால் அது ரிக்கோடு இணைய மறுக்கிறது. கேபிள் மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம், காசு மிச்சம். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும். லாக் முதலில் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஆம்னிரிக் என்ற நிரல் அந்த வேலையைச் செய்யும்: போர்ட்டை அது மட்டும் பிடிக்கும், மற்ற இரண்டும் அதனிடம் கேட்டுக்கொள்ளும். லாக், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் இரண்டிலுமே ஆம்னிரிக்கின் ‘ரிக் 1’-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை நேரடி காம் போர்ட்டில் விட்டால் பழைய சண்டை திரும்பி வரும். ஹேம்லிப் என்ற ரிக் கட்டுப்பாட்டுத் தொகுப்பு பிடித்தவர்கள் அதன் ரிக்சிடிஎல்டி நிரலை ஓடவிட்டு, டிசிபி போர்ட் 4532 வழியாக இதையே செய்யலாம்.

எஃப்டி8 தவிர வேறெதுவும் பேசாதவர் என்றால் இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. ரிக்கை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸே வைத்துக்கொள்ளட்டும்; முடிந்த தொடர்புகளை யுடிபி போர்ட் 2237 வழியாக லாக் வாங்கிக்கொள்ளும்.

கே: லாகைத் திறந்த அடுத்த நொடியே ரிக் டிரான்ஸ்மிட் ஆகிறது!

ப: போர்ட் திறக்கும்போது அதன் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கோடுகள் உயர்கின்றன, ரிக் அதைப் பிடிடி என்று எடுத்துக்கொள்கிறது. மென்பொருளில் இரண்டையும் ‘லோ’ ஆக்குங்கள். ஐசி-7300 என்றால் கனெக்டர்ஸ் மெனுவில் ‘யுஎஸ்பி சென்ட்’ ஆஃப். ஆன்டெனா எதுவும் மாட்டாத ரிக்கில் எனக்கே ஒருமுறை இப்படி நடந்து வியர்த்துவிட்டது. அதிலிருந்து புது அமைப்பு எதையும் டம்மி லோடில்தான் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) சோதிக்கிறேன்.

கே: உபுண்டுவில் போர்ட் தெரிகிறது, ஆனால் ‘பெர்மிஷன் டினைட்’.

ப: உங்கள் பயனர் கணக்கை, போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்துவிடுங்கள். லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் பலிக்கும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

கே: எஃப்டி-817-க்குச் சாதாரண யுஎஸ்பி–ஆர்எஸ்232 கேபிள் போதுமா?

ப: கூடாது. அதன் ஏசிசி சாக்கெட் டிடிஎல் எனும் குறைந்த மின்னழுத்தத்தில் பேசுவது. ஆர்எஸ்232 அளவை நேரடியாகக் கொடுத்தால் ரிக் கெட்டுவிடலாம். சிடி-62 போல உள்ளேயே மின்னழுத்த மாற்றி (கன்வெர்ட்டர்) உள்ள கேபிள் வாங்குங்கள்.

கே: 10 வாட்டில் ஒழுங்காக இருக்கிறது. 100 வாட் கொடுத்தால் கேட் இணைப்பு அறுந்துபோகிறது.

ப: மென்பொருளை நோண்டாதீர்கள். ஆர்எஃப் (ரேடியோ அலைச் சக்தி) யுஎஸ்பி கேபிளில் ஏறுகிறது. கேபிளைக் குட்டையாக்கி, ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆன்டெனா ஃபீட் பாயின்டில் (ஆன்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தில்) அந்த ஆர்எஃப்பைத் தடுக்க ஒரு சோக் போடுங்கள்.