முகப்புக் கண்ணாடியில் உறைபனி: வெந்நீர் ஊற்றலாமா?

கேள்வி: குளிர்காலத்தில் காரை இரவு முழுவதும் திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. வெப்பமானி 2 டிகிரி செல்சியஸ் காட்டும் நாளிலும் காலையில் முகப்புக் கண்ணாடியில் பனி உறைந்திருக்கிறது. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றி உருக்கலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். முகப்புக் கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளை நடுவே ஒரு நெகிழிப் படலம் வைத்து ஒட்டியது. வெந்நீர் பட்ட வெளித்தகடு திடீரென விரிய முயலும்போது உள்தகடு குளிர்ந்தே இருப்பதால், கல் தெறித்து ஏற்பட்ட சிறு பொத்தல்கூட நீண்ட விரிசலாக ஓடிவிடக்கூடும். விரிசல் விழாமல் தப்பினாலும், வழிந்த நீர் வைப்பரின் அடியில் மறுபடி உறைந்து வேலையை இரட்டிப்பாக்கும்.

2 டிகிரியில் பனி உறைவது வெப்பமானியின் பிழையன்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது; அதன்மேல் படும் நீராவி நேரே பனிப்படிகமாகிறது. வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் முகப்புக் கண்ணாடியைவிட, நிமிர்ந்து நிற்கும் பக்கக் கண்ணாடிகளில் பனி குறைவாக இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். ஆகவே கூரையோ மரக்கிளையோ வானத்தை மறைக்கும் இடத்தில் நிறுத்துவதும், முன்னிரவிலேயே உலர்ந்த கண்ணாடிமேல் உலர்ந்த விரிப்பைப் போர்த்துவதும்தான் என் முதல் பரிந்துரை. ஈரத்துணி கண்ணாடியோடு ஒட்டி உறைந்துவிடும்.

படிந்துவிட்ட பனிக்கு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்குடன் தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளித்து, சற்றுப் பொறுத்து நெகிழிச் சுரண்டியால் வழித்தெடுங்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் நெருப்பருகே வேண்டாம். பலர் புகழும் வினிகர், தண்ணீரைவிட ஓரிரு டிகிரி மட்டுமே தாழ்ந்து உறைவது, பெரிதாக உதவாது. எஞ்சினை இயக்கியதும் கண்ணாடிக்கான காற்றுவழியைத் திறந்து, வெப்பத்தைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஏ.சி.யும் ஓடட்டும், குளிரில் எதற்கு என்று தோன்றலாம், ஆனால் அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். உட்காற்றைச் சுழற்றும் பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். உறைந்த வைப்பரை இயக்கினால் ரப்பர் கிழியும், மோட்டாரும் பழுதாகலாம்.

கண்ணாடியின் உட்புறத்திலும் பனி உறைந்தால், கால் விரிப்புகள் ஈரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.