நகத்தை விடுங்கள், முதலில் கூண்டின் தரையைப் பாருங்கள்

கேள்வி: மகளின் ஆசைக்காக வாங்கிய வெள்ளை முயலுக்கு இப்போது இரண்டு வயது, எடை 4 கிலோ இருக்கும். தக்காளி நடவு வேலையில் மூன்று மாதமாகச் சரியாகக் கவனிக்கவில்லை. நகங்கள் நீண்டு, முன்னங்காலின் உள்பக்கத்தில் ஒரு நகம் வளையமாகச் சுருண்டுவிட்டது. நாங்கள் வெட்டிக்கொள்ளும் நகவெட்டியால் ஒரு நகத்தை வெட்டினேன். ரத்தம் கொட்டியது, பயந்துபோய்ச் சுண்ணாம்பு வைத்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே மூலைக்கு ஓடுகிறது. வாங்கிய கடையில், மாதம் ஒருமுறை கொண்டுவந்தால் கூலிக்கு வெட்டித் தருகிறோம் என்கிறார்கள். வீட்டிலேயே வெட்ட எந்தக் கருவி வாங்கலாம்? பின்னங்கால் அடியில் முடி கொட்டிச் சிவந்திருக்கிறது, அது வெயிலால்தானே?
– ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: கருவியைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. பூனைக்கு நகம் வெட்டும் சின்னக் கத்தரி போதும். அதன் வாயில் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். நம் நகம் தட்டை, முயலின் நகம் உருண்டை. நம் நகவெட்டி அதை வெட்டுவதற்கு முன்பு நசுக்கிவிடும், நகம் நெடுக்காகப் பிளந்துபோகும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கடைசி வரிதான். அது வெயில் இல்லை. கூண்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆனாலும் அடித்துச் சொல்வேன்: உங்கள் முயல் இரவும் பகலும் கம்பி வலைத் தரையில் நிற்கிறது.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை போன்ற சதை உண்டு. முயலுக்கு அது கிடையாது, அடர்ந்த முடி மட்டும்தான். 4 கிலோ எடை மெல்லிய கம்பிமேல் நாள் முழுக்க அழுந்தினால் முடி தேயும், தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். நகம் நீண்டால் இன்னும் மோசம். விரல்கள் தரையில் சரியாகப் படியாமல் மேலே தூக்கிக்கொள்ளும், பாரம் முழுவதும் பின்னே குதிகாலுக்குப் போகும். நகமும் சிவப்பும் உங்களுக்கு இரண்டு தொல்லையாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

பண்ணைகளில் கம்பித் தரைதானே போடுகிறார்கள் என்று கடைக்காரர் சொல்வார். போடுகிறார்கள், காரணத்தோடு போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், குட்டிகளுக்குக் கழிச்சல் நோய் குறையும். ஆனால் கறி முயல் மூன்று நான்கு மாதத்தில் விற்பனைக்குப் போய்விடும். உங்கள் மகளின் முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம் இருக்கும். அத்தனை வருடம் அதைக் கம்பிமேல் நிறுத்தலாமா? உடம்பு கனக்கக் கனக்கப் பாதத்துக்குப் பாரம் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைக்கே கூண்டில் பாதித் தரைக்குப் பலகை போட்டு, அதன்மேல் கோணிச் சாக்கை இரண்டு மடிப்பாக விரியுங்கள். ஈரம் பட்டால் உடனே மாற்றுங்கள். ஈரச் சாக்கு கம்பியைவிடக் கெடுதல். சாக்கு நூலைக் கடித்துத் தின்னும் முயலாக இருந்தால் சாக்கை எடுத்துவிட்டு, காய்ந்த புல்லை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ஓர் அகலமான பழைய மண் தொட்டியில் செம்மண் நிரப்பி ஓரமாக வையுங்கள். முயல் முன்னங்காலால் குழி பறிக்கும் பிராணி. பறிக்க மண் கிடைத்தால் முன் நகங்கள் ஓரளவு தானே தேயும். கம்பிமேல் நிற்கிற முயலுக்கு நகம் தேய வழியே இல்லை. முயலை விற்ற கடைக்காரரே மாதாமாதம் நகம் வெட்டக் கூலி கேட்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு கடையில் நான் கண்ணால் பார்த்தது இது. காதைப் பிடித்துத் தூக்கினார்கள், முயல் ஒரு உதை உதைத்தது, முதுகெலும்பு முறிந்தது. பின்னங்கால் இரண்டும் அந்த நிமிடமே செத்துப்போயின. முயலின் எலும்பு மெல்லியது, தொடைத் தசை வலுவானது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் தன் உதையாலேயே தன் முதுகை உடைத்துக்கொள்ளும். மல்லாத்திப் போட்டால் மயங்கிச் சும்மா இருக்கும் என்று சிலர் செய்து காட்டுவார்கள். அது மயக்கமில்லை, நரியின் வாயில் அகப்பட்டதைப் போன்ற பயம். அதை நீங்கள் செய்யாதீர்கள்.

இனி வெட்டுகிற முறை. முதல் ஒரு வாரம் கத்தரியைத் தொடாதீர்கள். தினமும் கொத்தமல்லித் தழை கொடுத்து, அது தின்னும்போது பாதத்தை மட்டும் தொட்டு விடுங்கள். உங்கள்மேல் வந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். பிறகு காலைக் குளிர்ச்சியில் வெட்டுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும், அந்த வெக்கையில் பிடித்து இழுத்தால் தாங்காது. தரையில் உட்கார்ந்து மடியில் வையுங்கள், துள்ளினாலும் உயரத்திலிருந்து விழாது. குழந்தையைச் சுற்றுவதுபோல் துண்டால் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுங்கள். விரலை ஈரமாக்கி முடியை ஒதுக்குங்கள். மகளைச் செல்போன் விளக்கை நகத்துக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை முயல் என்பதால் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு ரத்தக் குழாய் தெளிவாகத் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டும் முன் கத்தரியால் லேசாக அழுத்திப் பாருங்கள். காலை வெடுக்கென இழுத்தால் இன்னும் நுனிக்குப் போங்கள்.

முன்காலுக்கு ஐந்தைந்து, பின்காலுக்கு நாலு நாலு, ஆக 18 நகம். ஒரே நாளில் முடிக்க அவசியமில்லை. சுருண்டதாக நீங்கள் எழுதியது முன்காலின் உள்பக்கத்து ஐந்தாவது நகம். அது தரையையே தொடாது, எந்தத் தரை போட்டாலும் வளரும், எல்லோரும் மறக்கிற நகமும் அதுதான். நுனி சதைக்குள் குத்தியிருந்தால் நீங்கள் வெட்டாமல் மருத்துவரிடம் விடுங்கள். மூன்று மாதம் விட்டதால் ரத்தக் குழாயும் நீண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டிக்கொண்டே வந்தால் அது மெல்லப் பின்வாங்கும். பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு, சுத்தமான பஞ்சால் மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். புண்ணை எரிக்கும், முயல் நக்கினால் வாயும் வேகும்.

நகத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கென்று நாய், பூனைக்கு விற்கும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்தவை முயலைக் கொன்றுவிடும். சொறிக்கான ஐவர்மெக்டின் மருந்தை மருத்துவர் எடை பார்த்துப் போடட்டும்.

இன்று மாலை முயலைத் துண்டில் சுற்றி, பின்பாதத்து முடியை விலக்கிப் பாருங்கள். வெறும் சிவப்பு என்றால் தரையை மாற்றினாலே படிப்படியாக ஆறும். பொருக்கோ, வீக்கமோ, கசிவோ இருந்தால் நாளைக் காலையே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முயலின் சீழ் தயிர்க்கட்டி போல இறுகியிருக்கும், தானாக வடியாது, விட்டால் எலும்பு வரை போகும். அரை நாள் தீனி எடுக்காமல் கிடந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.